75 ஓம் பிரேக் ரெசிஸ்டர்: வீணாக இதைத் திட்டினேன்

முதல் நாளே இதற்கு ஒரு ஸ்டார் போட்டிருப்பேன். பொருத்திப் பவர் கொடுத்து ரெண்டு நிமிடம்கூட ஆகவில்லை, சப்ளையைச் சேர்த்துப் பிரிக்கும் மெயின் காண்டாக்டர் டக்கென்று விழுந்துவிட்டது. ரெசிஸ்டர் பக்கம் கையைக் கொண்டுபோனாலே அனல். இத்தனைக்கும் மோட்டாரை இன்னும் ஓட்டவே இல்லை.

திட்டி முடித்த பிறகுதான் ஒரு விஷயம் உறுத்தியது. வேகம் குறையும்போது மோட்டார் ஜெனரேட்டராக மாறித் திருப்பி அனுப்புகிற மின்சாரத்தை வெப்பமாக்கித் தீர்ப்பதுதான் ரெசிஸ்டரின் வேலை. நிற்கிற மோட்டார் எதைத் திருப்பி அனுப்பும்?

1000 வோல்ட் டிசி தாங்கும் மீட்டரை ரெசிஸ்டரின் இரண்டு முனையிலும் வைத்தேன். 565 வோல்ட்! மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவ், 400 வோல்ட் ஏசி சப்ளையை உள்ளே டிசியாக்கி வைக்கும் இடம்தான் டிசி பஸ். அதில் இருக்கவேண்டிய அளவு அது. எங்கள் டிரைவில் பஸ் 760 வோல்ட்டைத் தொட்டால்தான் சாப்பர் என்கிற எலக்ட்ரானிக் சுவிட்ச் இந்த ரெசிஸ்டரைச் சேர்க்கும். மற்ற நேரத்தில் இங்கே ஏறக்குறைய பூஜ்யம் காட்ட வேண்டும். ஆக, சாப்பர் ஷார்ட். 565 வோல்ட்டுக்கும் 75 ஓமுக்கும் கணக்குப் போட்டால் 4.2 கிலோவாட்டுக்கு மேல் வருகிறது. இது 800 வாட் ரெசிஸ்டர். பாவம், சுடாமல் என்ன செய்யும்?

சாப்பர் ஏன் போனது என்று பார்க்க, கழற்றிப் போட்ட பழைய ரெசிஸ்டரைத் தேடி எடுத்தேன். உள்கம்பி அறுந்திருந்தது. லேபிளைத் துடைத்தால் 22 ஓம். டிரைவ் மேனுவலோ 60-க்குக் கீழே போகாதே என்கிறது. ஓம் குறைந்தால் பிரேக் நன்றாகப் பிடிக்கும் என்று எனக்கு முன்னால் யாரோ மாட்டியிருக்கிறார். 760 வோல்ட்டில் 75 ஓமுக்கு 10 ஆம்பியர்தான். 22 ஓமுக்கு 34-ஐத் தாண்டும், சாப்பர் எப்படித் தாங்கும்?

இந்த ரெசிஸ்டரில் எனக்குப் பிடித்தது, உள்ளேயே இருக்கும் தெர்மல் சுவிட்ச், அதாவது சூடு மிஞ்சினால் தானே திறந்துகொள்ளும் சுவிட்ச். அதை டிரைவின் இன்புட்டில் மட்டும் கொடுத்திருந்தால் அன்றைக்குப் பேனல் எரிந்திருக்கும். டிரைவ் ஸ்டாப் ஆனாலும் ஷார்ட்டான சாப்பர் வழியே கரண்ட் ஓடிக்கொண்டேதான் இருக்கும். நான் மெயின் காண்டாக்டரை இழுத்துப் பிடிக்கும் காயிலோடு தொடராகக் கொடுத்திருந்தேன், அதனால் சப்ளையே போனது.

டிரைவைச் சரிசெய்து, மோட்டார் வேகம் குறைந்து நிற்க எடுக்கும் நேரத்தை 3 விநாடியிலிருந்து 8 ஆக்கிய பிறகு, ஷிஃப்ட் முழுக்க ஓடியும் ஒருமுறைகூட ட்ரிப் ஆகவில்லை. அதற்காகத் தொட்டுப் பார்க்கக் கூடாது. ஒழுங்காக வேலை செய்யும்போதே கை வெந்துவிடும்.

குறை உண்டு. தெர்மல் சுவிட்ச் வயர் ஒரு சாண்கூட இல்லை, நடுவில் ஜாயின்ட் போட வேண்டியிருந்தது. ஓம் மதிப்பைக் காகித ஸ்டிக்கரில் அச்சடித்திருக்கிறார்கள். அன்றைய சூட்டிலேயே பாதி கருகிவிட்டது. அடுத்து வருகிறவர் குழம்பக் கூடாதென்று அலுமினிய உடம்பிலேயே 75 என்று கீறி வைத்திருக்கிறேன். நாலு ஸ்டார்.