கம்பெனி கார்டு ஆறு மாசம் யூஸ் பண்ணதுல தெரிஞ்சது (அக்கவுண்ட்ஸ் பக்கத்துலேர்ந்து)

முன்னாடி எங்க ஆபீஸ்ல எல்லாரும் கைக்காசு போட்டு செலவு பண்ணிட்டு மாசக் கடைசில பில்லை எல்லாம் ஒரு கவர்ல திணிச்சு என் டேபிள்ல வச்சிட்டுப் போயிடுவாங்க, பாதில எழுத்தே மங்கியிருக்கும், நான் அதை எக்செல்ல ஏத்தி அவங்களுக்குப் பணம் போய்ச் சேர்றதுக்குள்ள அடுத்த கவர் வந்துடும். இப்ப ஆளுக்கொரு கார்டு, மேனேஜ் பண்ண ஒரு ஆப். எந்தக் கம்பெனியோட கார்டுன்னு சொல்லல.

ரொம்பப் பிடிச்சது வர்ச்சுவல் கார்டுதான், அதாவது கையில பிளாஸ்டிக் கார்டு இல்லாம ஆன்லைன்ல கட்ட வெறும் நம்பர் மட்டும். ஒவ்வொரு சாஃப்ட்வேர் சந்தாவுக்கும் தனித்தனி நம்பர், தனித்தனி லிமிட். வேலைய விட்டுப் போனவர் பேர்ல சத்தமில்லாம ஓடிட்டிருந்த ரெண்டு சந்தா இப்படிப் பிரிக்கும்போதுதான் மாட்டுச்சு.

"எங்க செலவு பண்ணலாம்னு நீங்களே முடிவு பண்ணலாம்"னு டெமோல சொன்னாங்களே, அதை அப்படியே நம்பாதீங்க. ஒவ்வொரு கடைக்கும் 4 இலக்க கோடு ஒண்ணு இருக்கு, பொதுவா ரெஸ்டாரண்ட்னா 5812, தங்குற ஹோட்டல்னா 7011, கார்டு பாக்கறது அதை மட்டும்தான், உள்ள என்ன வாங்கினாங்கன்னு அதுக்குத் தெரியாது. நான் சூப்பர்மார்க்கெட்ட பிளாக் பண்ணி வச்சிருந்தேன், மீட்டிங்குக்குத் தண்ணி பாட்டில் வாங்கப் போன பையன் பின்னாடி க்யூ நிக்க கவுண்டர்லேர்ந்து எனக்கு போன் பண்றான். ஆனா ஹோட்டல் ரூம் பில்லோட சேர்ந்து வந்த மசாஜ் மட்டும் ஜம்முனு பாஸ் ஆயிடுச்சு.

அப்புறம் இந்த ஹோல்டு. செக்-இன் பண்றப்பவே ஹோட்டல்காரங்க ஒரு தொகையப் பிடிச்சு வச்சிடுவாங்க, அது செலவு இல்ல, ஆனா லிமிட்லேர்ந்து கழிஞ்சிடும், காலி பண்ணின பிறகும் விடுபட சில நாள் ஆகும். இது தெரியாம டூர் போனவருக்கு லிமிட்ட டைட்டா வச்சிட்டேன், ராத்திரி டாக்ஸிக்கு கார்டு டிக்ளைன். சப்போர்ட்ல விடிஞ்சப்புறம் பதில் வருது, "உங்க கார்டு ஆக்டிவ்வா இருக்கு சார்"னு. நான் சாரும் இல்ல, கேட்ட கேள்வியும் அது இல்ல.

பில் போட்டோ எடுத்தா ஆப்பே படிச்சுக்கும், தொகை பெரும்பாலும் சரியா வருது, தேதிலதான் நாளையும் மாசத்தையும் மாத்திப் போட்டுடுது. 7 நாளைக்குள்ள பில் ஏத்தலன்னா கார்டு தானா லாக் ஆகுற மாதிரி வைக்கலாம், அதுக்காகவே 5க்கு 3.5 தரேன். ஆன் பண்ண முதல் வாரமே லாக் ஆனது எங்க எம்டி கார்டு.