கொல்லைக்கு வருவது யார்? பைனாகுலர், தானியங்கி கேமரா, வைஃபை கேமரா: எது தேறும்?

வீட்டுக் கொல்லையில் பறவை, விலங்கு பார்க்க ஏதாவது வாங்கலாம் என்று இறங்குகிறவர்கள் முதலில் கேட்பது எத்தனை மடங்கு ஜூம், எத்தனை மெகாபிக்சல் என்றுதான். இந்த இரண்டு எண்ணும் இங்கே பெரிதாக உதவாது. கொல்லையில் குருவி உட்காருவது நாலைந்து மீட்டரில். நரியோ கீரியோ கடப்பது இருட்டில். கிட்டத்துத் தூரமும் இருட்டும்தான் கருவியின் தராதரத்தைக் காட்டிக்கொடுக்கும்.

பைனாகுலர்

8×42 வாங்குங்கள், 10×42 வேண்டாம். முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகத் தெரியும் என்பது, இரண்டாவது முன்பக்க வில்லையின் விட்டம், மி.மீ. கணக்கில். பத்து மடங்கு என்றால் கை நடுக்கமும் பத்து மடங்கு பெரிதாகும், பார்வைப் பரப்போ சுருங்கும். கிளைக்குக் கிளை தாவும் சிட்டைக் கண்ணாடிக்குள் கொண்டுவருவதற்குள் அது பறந்துவிடும். வெளிச்சத்திலும் 8×42தான் முந்துகிறது. 42ஐ 8ஆல் வகுத்தால் 5.25 மி.மீ., 10ஆல் வகுத்தால் 4.2 மி.மீ.; கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் விட்டம் அது. உச்சி வெயிலில் கண்மணி சுருங்கியிருப்பதால் வித்தியாசம் தெரியாது. அந்தி மயங்கும்போது தெரியும்.

பலர் கவனிக்காமல் விடுவது, எவ்வளவு கிட்டத்தில் ஃபோகஸ் ஆகும் என்பது. 2 முதல் 2.5 மீட்டர் என்றால் நல்லது. 5 மீட்டர் என்று போட்டிருந்தால் ஜன்னலோரக் குருவி மங்கலாகத்தான் தெரியும். மூக்குக்கண்ணாடி போடுபவர்கள் கண் இடைவெளி (eye relief: முழுப் படமும் தெரிய, கண்ணை வில்லையிலிருந்து எவ்வளவு தள்ளி வைக்கலாம் என்ற தூரம்) 15 மி.மீ.க்குக் குறையாமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

படம் தெளிவில்லை என்று திருப்பிக் கொடுக்கப்படும் பைனாகுலர்களில் பலவற்றுக்கு வலக்கண் வளையம் சரிசெய்யப்பட்டிருக்காது. வலக்கண்ணை மூடி, நடுச்சக்கரத்தைத் திருப்பி இடக்கண்ணுக்குத் தெளிவாக்குங்கள். பிறகு இடக்கண்ணை மூடி, அதே பொருளை வலக்கண் வளையத்தால் மட்டும் தெளிவாக்குங்கள். ஒருமுறை செய்தால் போதும். ஜன்னல் வழியே பார்ப்பதானால் கண்ணாடிக்கு நேர் எதிரே நில்லுங்கள். சாய்வாகப் பார்த்தால் பிம்பம் இழுத்துக்கொள்ளும்.

தானியங்கி கேமரா

டிரெயில் கேமரா என்ற பெயரில் விற்பது இதுதான். முன்னால் இருக்கும் உணர்கருவி, பின்னணியைவிடச் சூடான ஒன்று குறுக்கே நகர்வதை உணர்ந்து படமெடுக்கத் தூண்டும். இதன் கோளாறுகள் அநேகமாக இந்த ஒரு விஷயத்திலிருந்தே வருகின்றன. மண்ணும் சுவரும் விலங்கின் உடம்பளவுக்குச் சுட்டால் எதிரே நிற்கும் விலங்கையே அது கவனிக்காது. வெயிலில் காய்ந்த நீளப் புல் காற்றில் ஆடினால் நூற்றுக்கணக்கில் வெற்றுப் படங்கள் குவியும். ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் வைத்தால் ஒன்றும் பதியாது, ஏனென்றால் உடல் சூட்டின் கதிர் சாதாரணக் கண்ணாடியைத் தாண்டாது. சிறு பறவைகளையும் இதை நம்பி விட முடியாது. இறகு சூட்டை மறைக்கிறது, கேமரா விழிப்பதற்குள் பறவை போய்விடுகிறது.

தரையிலிருந்து 30 முதல் 50 செ.மீ. உயரத்தில், வேலியோரத் தடத்துக்கு 45 டிகிரி சாய்வாக, 2–3 மீட்டர் தள்ளிக் கட்டுங்கள். தடத்துக்கு நேர் எதிரே வைத்தால் விலங்கு குறுக்கே நகராமல் உணர்கருவியை நோக்கியே வரும், தூண்டல் தாமதமாகும். கிழக்கு, மேற்கு பார்த்து வைத்தால் காலையோ மாலையோ சூரியன் படத்தை வெளுத்துவிடும்.

இரவு விளக்கில் இரண்டு வகை. 850 நானோமீட்டர் அலைநீள அகச்சிவப்பு ஒளி தூரம் போகும், ஆனால் மங்கலான சிவப்பாகக் கண்ணில் படும். 940 வகை கண்ணில் படாது, எட்டும் தூரம் குறைவு. கொல்லைக்கு 940 போதும். கிட்டே வந்த விலங்கு வெள்ளைப் பூசணிக்காயாகத் தெரிந்தால் விளக்குகளில் பாதியை டேப் ஒட்டி மறையுங்கள். பெரும்பாலானவற்றில் ஃபோகஸ் மாறாது என்பதால் ஒரு மீட்டருக்குள் எல்லாம் மங்கல். அரை மீட்டரில் எலியைப் பிடிக்க, +2 பவர் மூக்குக்கண்ணாடி வில்லையை லென்ஸுக்கு முன் மட்டும் ஒட்டலாம். உணர்கருவியின் மேல் படக்கூடாது.

பேட்டரியில் கஞ்சத்தனம் வேண்டாம். சாதாரண அல்கலைன் தீரத் தீர மின்னழுத்தம் இறங்கும், பகல் படம் வந்துகொண்டிருக்கும்போதே இரவுப் படம் இருண்டுபோகும். லித்தியம் கடைசிவரை தாங்கும். மெமரி கார்டை அந்தக் கேமராவிலேயே ஃபார்மேட் செய்யுங்கள். பேட்டரி மாற்றியதும் தேதியைச் சரிபாருங்கள், இல்லாவிட்டால் வந்த நேரம் தெரியாத படங்கள்தான் மிஞ்சும்.

வைஃபை கேமரா

இவற்றில் பல, சூட்டைப் பார்க்காமல் படத்தில் ஏற்படும் மாற்றத்தை வைத்து விழித்துக்கொள்கின்றன. அப்படிப்பட்டவை பகலில் ஜன்னலுக்கு உள்ளிருந்தும் வேலை செய்யும். இரவில் அதன் விளக்கே கண்ணாடியில் எதிரொளித்துப் படத்தைக் கெடுக்கும். ஆடும் இலை, நகரும் நிழல் எல்லாவற்றுக்கும் கைபேசி சிணுங்கும். கூட்டுப் பெட்டி, தண்ணீர்த் தொட்டி என்று ஒரே இடத்தை நேரலையில் பார்க்க மட்டும் இது சரி. பக்கத்து வீட்டு ஜன்னல் படத்தில் விழாமல் திருப்பி வையுங்கள்.

ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் முதலில் வேலி இடுக்குக்கு முன்னால் அரை மீட்டர் அகலத்துக்கு ஈர மணலை ஒரு செ.மீ. கனத்தில் சமமாகப் பரப்புங்கள். காலையில் நகக்குறி இல்லாத நாலு விரல் தடம் என்றால் அநேகமாகப் பூனைதான். அதற்காகக் கேமரா வாங்க வேண்டியதில்லை. நகம் பதிந்த தடம் இரவுக்கு இரவு வந்தால் தானியங்கி கேமரா. ஒரு வாரமாக மணல் அப்படியே கிடந்தால் 8×42.