கன்னியாகுமரி மாவட்டம் மணக்குடி காயல் பக்கம் ஒரு பழைய வீட்டு ரெஸ்டாரன்ட்

அம்மாவோட 60வது பொறந்தநாளுக்கு போனோம். தீவுன்னு போர்டு வச்சிருக்காங்க, ஆனா மூணு பக்கம்தான் தண்ணி, போகட்டும். பழையாறு கடல்ல சேர்ற இடம், 2004 சுனாமியில பாலமே அடிச்சிட்டு போன ஊரு, அங்க உக்காந்து காத்து வாங்கிட்டே சாப்பிடுறதே தனி சுகம். அம்மாவுக்கு முட்டு வலி, படி ஏற கஷ்டப்படுறத பாத்துட்டு பரிமாறுற பெரியவரு நாங்க கேக்காமலே நடு முற்றத்து பக்கம் நாற்காலிய மாத்தி போட்டு, "மக்கா, அம்மைக்கு எரிப்பு (காரம்) கொறச்சு வைக்கச் சொல்லட்டா"ன்னு கேட்டாரு பாருங்க, அதுக்கே காசு தகும். மரச்சீனிக் (மரவள்ளி) கிழங்கும் நெத்திலி அவியலும் அசல் நம்ம வீட்டு ருசி. சின்ன வெங்காயக் கொழம்பான உள்ளித் தீயல்ல தேங்கா நல்லா கருக வறுத்திருந்தாங்க, நான் ரெண்டு தடவ வாங்குனேன். பாயசம் மட்டும் ஆறிப்போய் வந்துச்சு, சொன்னதும் முகம் சுளிக்காம மாத்திக் குடுத்தாங்க. பில்லு 4 பேருக்கு 5,200, நம்ம ஊருக்கு இது கொஞ்சம் ஓவர்தான். கெளம்பும்போது அம்மா கையில ஒரு சீப்பு மட்டிப்பழம் குடுத்து விட்டாங்க. சாயங்காலம் போனா கொசு கடிக்கும், மதியமே போயிருங்க.