வாட்ஸ்ஆப் சேனல்: பல்கலைக்கழக அறிவிப்புக்கு ஒரு வருடம் ஓட்டிப் பார்த்தேன்

நான் கணினி அறிவியல் பாடம் எடுப்பவள். எங்கள் பல்கலைக்கழகத்தின் சமூக ஊடகப் பொறுப்பு கூடுதல் பணியாக என் தலையில் விழுந்தது. "நீங்கதான் மேடம் எப்பவும் போனும் கையுமா இருக்கீங்க" என்றார் பிரிவு அலுவலர். சரி என்று முதல் வேலையாக வாட்ஸ்ஆப் சேனல் ஒன்று திறந்தேன்; நிர்வாகி மட்டும் அறிவிப்பு போட, மற்றவர்கள் சேர்ந்து படிக்கும் ஒருவழிப் பக்கம் அது.

அதற்கு முன்னால் எல்லாம் குழுக்கள்தான். ஒரு குழுவில் 1024 பேருக்கு மேல் சேர்க்க முடியாது. அதைவிடத் தலைவலி, மாணவிகளின் எண் எல்லோர் கண்ணிலும் படும். ராத்திரி பதினொரு மணிக்கு எவனாவது "ஹாய்" அனுப்புவான். சேனலில் சேருகிறவர்களின் எண் ஒருவருக்கொருவர் தெரியாது, என் எண்ணும் அவர்களுக்குத் தெரியாது. இது ஒன்றுக்காகவே மாறலாம்.

நான் சறுக்கியது நவம்பர் மழையில். தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் இரவு 8.40க்குப் போனில் சொன்னதும், "நாளை நடைபெறவிருந்த தேர்வுகள் ஒத்திவைக்கப்படுகின்றன" என்று போட்டுவிட்டேன். தேதி போடவில்லை. அதன் ஸ்கிரீன்ஷாட் மறுநாள் முழுக்கக் குழு குழுவாகச் சுற்றியது. அன்றைக்குப் பார்த்தவர்களுக்கு "நாளை" என்றால் அதற்கடுத்த நாள். அன்று தேர்வு இருந்தது. இரண்டு பேர் வரவில்லை. அதில் ஒருவன் அரியர் எழுதுகிறவன், அதுதான் கடைசி வாய்ப்பு. அனுமதி கேட்டுப் பதிவாளர் அறை வாசலில் அவனும் நானும் சேர்ந்தே நின்றோம். கிடைத்தது. அவன் என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை, அதுதான் இன்னும் உறுத்துகிறது.

சேனலில் போட்டதை 30 நாள் வரை திருத்தலாம். திருத்தவும் செய்தேன். ஊரெல்லாம் போய்விட்ட ஸ்கிரீன்ஷாட்டை எப்படித் திருத்துவது? இப்போது தேதி, கிழமை, சுற்றறிக்கை எண் மூன்றும் இல்லாமல் எதுவும் போவதில்லை. ஃபார்வேர்டு செய்தால் சேனலின் இணைப்பும் கூடவே போகும் என்பது நல்ல ஏற்பாடு. பழைய லீவு அறிவிப்பில் தேதியை மாற்றி யாராவது விட்டால், "சேனல்ல இருக்கா பாரு" என்று பிள்ளைகளே கேட்டுக்கொள்கிறார்கள்.

குறை உண்டு. போட்ட அறிவிப்புக்குக் கீழே பதில் எழுத வழியில்லை. சந்தேகம் கேட்க மின்னஞ்சல் முகவரியை ஒவ்வொரு முறையும் கீழே போடுகிறேன். எமோஜி வைக்கலாம். இரங்கல் செய்திக்கு நாலு பேர் சிரிப்பு வைத்த அன்று அமைப்புகளில் போய் அதையும் நிறுத்தினேன். பழைய அறிவிப்பு எப்போதும் சேனலில் கிடைக்கும் என்று நம்பி இருக்க முடியாது, அதனால் இணையதளத்திலும் ஏற்றியாக வேண்டும். சேனல் என்பது தெருச்சுவர் மாதிரி, யார் வேண்டுமானாலும் படிக்கலாம். அலுவலகத்திலிருந்து வந்த உதவித்தொகைப் பட்டியலில் வங்கிக் கணக்கு எண்ணும் இருந்தது; "அப்படியே போடுங்க மேடம், அவசரம்" என்றார்கள். போடவில்லை. பதிவு எண்ணை மட்டும் வைத்து வேறு பட்டியல் கேட்டு வாங்க ஒன்றரை நாள் ஆனது.

நிர்வாகிகளைப் பல பேராகச் சேர்க்கலாம். நான் தேர்வுப் பிரிவிலிருந்து ஒரே ஒருவரைத்தான் சேர்த்தேன். ஒருவர் தட்டச்சு செய்ய, மற்றவர் படித்துப் பார்த்த பிறகே வெளியே போகும். போன வாரம்கூட ஹால் டிக்கெட் அறிவிப்பைப் போடப்போன நேரம் அவர் போன் செய்தார்: "மேடம், தேதி சரி, கிழமையைப் பாருங்க."