வெள்ளைக்கழிச்சல்: சொட்டா, தண்ணீரா, ஊசியா, குருணையா?

வெள்ளைக்கழிச்சல் கோழிகளைக் கொல்லும் வைரஸ் நோய். "அதற்குத் தடுப்பூசி போட்டும் கோழி செத்துப்போச்சு" என்ற புலம்பல் ஒவ்வொரு கோடையிலும் கேட்கிறது. உடனே பேச்சு எந்த மருந்து நல்ல மருந்து என்ற பக்கம் திரும்பிவிடும். எஃப்1, லசோட்டா இரண்டும் இந்த நோய்க்கான தடுப்பு மருந்து ரகங்கள். எஃப்1 போதாது லசோட்டா போடு என்பார் ஒருவர், லசோட்டாவே பழசாகிவிட்டது வேறு கம்பெனி மருந்து வாங்கு என்பார் இன்னொருவர். இந்த ஒப்பீடு தொடங்கும் இடமே சரியில்லை என்று நினைக்கிறேன். ஒரே லசோட்டாவைக் கண்ணில் விட்டால் ஒரு பலன், தண்ணீரில் கலந்தால் வேறு பலன். அதனால் இங்கே மருந்து கோழிக்குள் போகும் வழிகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்க்கிறேன். ஒவ்வொரு வழியிலும் மருந்து எந்த இடத்தில் வீணாகிறது என்று தெரிந்தால், நம் பண்ணைக்கு எது சரி என்பது தானே தெரிந்துவிடும்.

கண் சொட்டும் குடிதண்ணீரும்

எஃப்1, லசோட்டா இரண்டிலும் இருப்பது வீரியம் குறைந்த, ஆனால் உயிருள்ள வைரஸ். அது கோழியின் உடம்புக்குள் போய்ப் பெருகினால்தான் எதிர்ப்பு சக்தி உருவாகும். வழியிலேயே செத்துப்போன வைரஸை எவ்வளவு கொடுத்தாலும் பயனில்லை.

கோழியின் கண்ணுக்குப் பின்னால் ஹார்டேரியன் சுரப்பி என்று ஒன்று இருக்கிறது. கண்ணில் விழும் சொட்டு அங்கே எதிர்ப்புப் பொருளை உண்டாக்கத் தூண்டுகிறது. மிச்சம் கண்ணீர்ப் பாதை வழியாக மூக்குக்கும் தொண்டைக்கும் இறங்குகிறது. வெள்ளைக்கழிச்சல் வைரஸ் உள்ளே நுழைவதும் பெரும்பாலும் இந்தப் பாதையில்தான். ஆக, காவல் வேண்டிய வாசலிலேயே காவல் அமைகிறது. அதோடு, எந்தக் கோழிக்குப் போட்டோம், எது விட்டுப்போனது என்பது நம் கையிலேயே தெரியும்.

சொட்டு தோற்கும் இடங்கள் பெரும்பாலும் அவசரத்தால் வருபவை. 1000 டோஸ் குப்பிக்குப் பொதுவாகச் சுமார் 30 மில்லி கரைப்பான், அதாவது ஒரு சொட்டு 0.03 மில்லி. சொட்டுக்குப்பியைச் சாய்த்துப் பிடித்தால் சொட்டின் அளவு மாறும். 700 குஞ்சிலேயே மருந்து தீர்ந்துபோகும், மீதிக்குக் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிச் சரிக்கட்டத் தோன்றும். அந்த 300 குஞ்சுக்கும் கிடைப்பது ஏறக்குறைய வெறும் தண்ணீர். சொட்டு விட்டதும் குஞ்சு கண்ணை மூடித் திறக்கும்வரை கையில் வைத்திருக்க வேண்டும். உடனே கீழே விட்டால் தலையை உதறி மருந்தை வெளியே தள்ளிவிடும். பண்ணையில் ஆள் கூலி குஞ்சுக்கு இவ்வளவு என்று பேசியிருந்தால் இந்த ஒரு நொடியைத்தான் முதலில் விழுங்குவார்கள். கூலியை நாள் கணக்கில் பேசுவது நல்லது.

குடிதண்ணீர் முறையின் ஒரே பலம் வேகம். ஆயிரக்கணக்கான கோழிகளைப் பிடிக்காமல், மிரட்டாமல் ஒரு காலையில் முடித்துவிடலாம். ஆனால் மருந்து செத்துப்போவதற்கான வாய்ப்பும் இதில்தான் அதிகம். தொட்டித் தண்ணீரில் குளோரின் போட்டிருந்தால் வைரஸ் பிழைக்காது. குறைந்தது முந்தைய நாளே குளோரினையும் வேறு கிருமிநாசினிகளையும் நிறுத்தியாக வேண்டும். லிட்டருக்கு 2.5 கிராம் கொழுப்பு நீக்கிய பால் பவுடரை முதலில் கரைத்து, அரைமணி நேரம் கழித்து மருந்தைக் கலந்தால் மிச்சமிருக்கும் குளோரினிலிருந்து வைரஸுக்குப் பாதுகாப்பு கிடைக்கும். பல பண்ணைகளில் பால் பவுடர் போடுகிறார்கள், ஆனால் மருந்தோடு சேர்த்து ஒரே நேரத்தில் கொட்டுகிறார்கள். அந்த அரைமணி நேரத்துக்குள் குளோரின் தன் வேலையை முடித்திருக்கும்.

அப்புறம் தாகம். ஒன்றிரண்டு மணி நேரம் தண்ணீரை நிறுத்திவைத்து, பிறகு மருந்துத் தண்ணீரை ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் குடித்து முடிக்கும்படி கொடுக்க வேண்டும். 1000 குஞ்சுக்கு எத்தனை நாள் வயதோ அத்தனை லிட்டர் என்று ஒரு கைக்கணக்கு உண்டு. 20 நாள் குஞ்சு 1000 என்றால் 20 லிட்டர். ஏப்ரல், மே வெயிலில் இந்தக் கணக்கு பொய்க்கும், முந்தைய நாள் அதே நேரத்தில் எவ்வளவு குடித்தது என்று பார்த்துக்கொள்வதே நல்லது. தண்ணீர் குறைவாக இருந்தால் வலுத்த கோழி குடித்து முடித்துவிடும், ஒதுங்கி நிற்கும் கோழிக்கு ஒன்றும் மிஞ்சாது. அதிகமாக இருந்தால் கடைசிப் பங்கைக் குடிப்பதற்குள் வைரஸ் செத்திருக்கும்.

புறக்கடைக் கோழிக்குத் தண்ணீர் முறையை நான் பரிந்துரைக்கவே மாட்டேன். சட்டியில் மருந்துத் தண்ணீரை வைத்துவிட்டு நாம் நிற்போம், கோழி அங்கணத்துத் தண்ணீரையும் சாக்கடையையும் குடித்துவிட்டு வரும். எது குடித்தது, எது குடிக்கவில்லை என்று யாராலும் சொல்ல முடியாது.

பெரிய பண்ணையாக இருந்தாலும் முதல் டோஸ் மட்டுமாவது சொட்டாகவே இருக்கட்டும். இரண்டாவது டோஸுக்குத் தண்ணீர் போதும், மேலே சொன்னதையெல்லாம் கடைப்பிடித்தால். மருந்துத் தண்ணீரில் அதற்கென விற்கும் நீலச் சாயத்தைக் கலந்து, குடித்தபின் சில கோழிகளின் நாக்கைப் பார்க்கும் வழக்கம் உண்டு. எத்தனை நாக்கு நீலமாகவில்லையோ அத்தனை ஓட்டைகள் மந்தையில் இருக்கின்றன.

ஒரே அட்டவணை, இரண்டு வகைக் குஞ்சுகள்

முதல் டோஸ் 5 முதல் 7 நாளுக்குள், அடுத்தது 21 முதல் 28 நாளுக்குள் என்பது பழகிய அட்டவணை. பொரிப்பகத்தில் வாங்கிய குஞ்சுக்கும், நம் வீட்டு அடைக்கோழி பொரித்த குஞ்சுக்கும் இதை ஒரே மாதிரி போடுகிறோம். ஆனால் இரண்டும் ஒரே நிலையில் இல்லை.

முறையாகத் தடுப்பூசி போட்ட தாய்க்கோழிகளின் முட்டை வழியாகப் பொரிப்பகக் குஞ்சுக்கு எதிர்ப்புப் பொருள் வந்திருக்கும். அது 4, 5 நாளுக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்துகொண்டே போகும். அது உச்சத்தில் இருக்கும்போது மருந்து கொடுத்தால், நாம் கொடுக்கும் வைரஸையே அது அடித்துப்போடும். தண்ணீரில் கொடுத்தால் இந்த இழப்பு கூடுதல். கண்ணில் விட்டால் அந்த இடத்திலேயே உருவாகும் எதிர்ப்பு ஓரளவாவது மிஞ்சும். முதல் டோஸ் சொட்டாக இருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்த இதுதான் பெரிய காரணம். இரண்டாவது டோஸை "விட்டுவிடலாம், ஒன்று போட்டாச்சே" என்று நினைப்பவர்கள், முதல் டோஸ் பாதி தடுக்கப்பட்டிருக்கும் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

மருந்தே பார்க்காத சிறுவிடை நாட்டுக்கோழி பொரித்த குஞ்சுக்கு இந்தக் கவசம் கிடையாது. மருந்து தடையில்லாமல் வேலை செய்யும், ஆனால் அதுவரை குஞ்சு முதல் நாளிலிருந்தே வெறுங்கையாக நிற்கிறது. தாய்க்கோழிக்கு ஒழுங்காகத் தடுப்பூசி போடுவது அதன் குஞ்சுகளுக்கும் சேர்த்துப் போடுவதுதான்.

ஊசிகளுக்குள் போட்டி

சொட்டு மருந்தால் கிடைக்கும் எதிர்ப்பு நீண்ட நாள் நிற்பதில்லை. அதனால்தான் 8 வார வாக்கில் ஆர்2பி ஊசி வருகிறது. முக்தேஸ்வர் ஆராய்ச்சி நிலையத்தில் உருவான இந்த ரகம் லசோட்டாவைவிட வீரியமானது. நம் கால்நடைத் துறை முகாம்களில் போடும் ஆர்டிவிகே ஊசியும் இதே போன்ற நடுத்தர வீரியம் உள்ளதுதான், அதில் இருப்பது கோமரோவ் ரகம். பிடிப்பு நன்றாகவும் நீண்டும் இருக்கும். ஆனால் முன்பு சொட்டே போடாத இளம் குஞ்சுக்கு இதைப் போட்டால் கால் விளங்காமல் போகலாம், சாகவும் சாகலாம். முட்டையிடும் கோழிக்குப் போட்டால் முட்டை சரியும். "ஊசி போட்டதால்தான் நோய் வந்தது" என்ற பேச்சில் ஒரு பகுதி இப்படித் தவறான வயதில், தவறான வரிசையில் போட்டதால் பிறந்தது.

எண்ணெய் கலந்த செயலிழந்த வைரஸ் ஊசி இதற்கு மாற்று. முட்டைக்கோழிப் பண்ணைகளில் முட்டை தொடங்கும் முன் இதைப் போடுவார்கள். ரத்தத்தில் எதிர்ப்புப் பொருள் உயரமாகவும் நெடுநாளும் நிற்கும், ஊசியால் நோய் வரும் பயம் இல்லை. ஆனால் மூக்கு, தொண்டைப் பகுதியில் அது காவல் வைப்பதில்லை. முன்பு உயிருள்ள மருந்து போட்டு அடித்தளம் இல்லாத கோழிக்கு இதை மட்டும் போட்டால் பாதிப் பலன்தான். புறக்கடைக்கு ஆர்2பியோ ஆர்டிவிகேயோ போதும், பல்லாயிரம் முட்டைக்கோழிகளுக்கு உயிருள்ள மருந்து, எண்ணெய் ஊசி இரண்டும் தேவை. ஊசியைப் பொறுத்தவரை பொதுவான ஓட்டை ஒன்றுதான்: தோலுக்கடியில் போகவேண்டியது இறகில் போவது. இறகு நனைந்திருந்தால் அந்தக் கோழிக்கு மறுபடி போட வேண்டும்.

பொரிப்பகத்திலேயே, முதல் நாளிலேயே போடும் வெக்டார் ஊசிகளும் இப்போது இருக்கின்றன. வான்கோழி ஹெர்ப்பிஸ் வைரஸின் மேல் வெள்ளைக்கழிச்சல் மரபணுவை ஏற்றியவை. தாய் வழி எதிர்ப்பு இவற்றை அவ்வளவாகத் தடுப்பதில்லை. திரவ நைட்ரஜனில் வைக்க வேண்டும், முழுப் பலன் வர 3, 4 வாரம் ஆகும். சிறு பண்ணைக்காரர் தனியாக வாங்கிக் கையாளும் பொருள் இல்லை.

பிடிக்க முடியாத கோழிக்குக் குருணை

மரத்தில் அடையும் கோழியைப் பிடித்துச் சொட்டு விடுவது எளிதல்ல. இதற்காகவே தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் டி58 என்ற, நோய் உண்டாக்காத வைரஸ் ரகத்தை வைத்து வாய்வழிக் குருணை மருந்தை உருவாக்கியது. தீவனம் போல இறைத்தால் கோழி கொத்தித் தின்றுவிடும். வெப்பம் தாங்கும் தன்மையால் கிராமத்துக்கு எடுத்துச் செல்வதும் எளிது.

ஆஸ்திரேலியாவில் குவின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் ஸ்பிராட்பிரோ குழு உருவாக்கிய ஐ-2 மருந்தும் இதே கிராமத்துக் கோழிகளை மனதில் வைத்ததுதான். மொசாம்பிக், தான்சானியா கிராமங்களில் 4 மாதத்துக்கு ஒருமுறை போட்டு வருகிறார்கள். அங்கே கிடைத்த பாடம் நமக்கும் பொருந்தும்: அதே மருந்தைத் தீவனத்திலும் தண்ணீரிலும் கண்ணிலும் கொடுத்துப் பார்த்ததில் கண் சொட்டுதான் நம்பகமாக இருந்தது. தீவனத்தில் கலந்தால் சில தானியங்கள் வைரஸின் வீரியத்தையே குறைத்துவிடுகின்றன. சேவலும் வலுத்த கோழியும் முதலில் தின்னும், குஞ்சுக்கும் ஒதுங்கிய கோழிக்கும் கிடைப்பது குறைவு.

அதனால் குருணையைத் தள்ளிவிடச் சொல்லவில்லை. மருந்தே போடாத கிராமத்தில் குருணை போடுவது பெரிய முன்னேற்றம். காலையில் கோழி இரை தேடிப் போகும் முன், பசியோடு இருக்கும்போது, குஞ்சுகளுக்குத் தனியாகவும் பெரிய கோழிகளுக்குத் தனியாகவும் கொடுங்கள். ஆனால் சாயங்காலம் கூட்டில் அடையும் கோழி என்றால் இருட்டிய பிறகு பிடிப்பது சுலபம், அங்கே சொட்டே போடலாம்.

சராசரி ஏமாற்றும்

பெரிய பண்ணைகளில் ரத்தம் எடுத்து டைட்டர், அதாவது எதிர்ப்புப் பொருளின் அளவு, பார்ப்பார்கள். டைட்டர் 5 என்றால், ரத்தநீரை ஐந்து முறை இரட்டிப்பாக, அதாவது 32 மடங்கு, நீர்த்த பிறகும் எதிர்ப்பு தெரிகிறது என்று பொருள். ஒரு கொட்டகையில் பார்த்த பத்துக் கோழிக்கும் 5 என்றால் சராசரி 5. இன்னொரு கொட்டகையில் ஐந்து கோழிக்கு 9, ஐந்து கோழிக்கு 1 என்றாலும் சராசரி 5தான். முதல் கொட்டகை தப்பிக்கும், இரண்டாவதில் நோய் நுழைந்தால் பாதி போய்விடும். மந்தைக்குள் நோய் பரவாமல் இருக்க 85 சதவீதக் கோழிகளுக்காவது டைட்டர் 3 அல்லது அதற்கு மேல் வேண்டும் என்று நெதர்லாந்து ஆய்வு ஒன்று கணக்கிட்டது. சொட்டு மந்தையையும் தண்ணீர் மந்தையையும் ஒப்பிடும்போது சராசரியைப் பார்க்காதீர்கள், மிகக் குறைவாக இருக்கும் எண்களைப் பாருங்கள். ஆய்வக அறிக்கையில் சராசரி மட்டும் இருந்தால் ஒவ்வொரு மாதிரியின் எண்ணையும் கேட்டு வாங்குங்கள்.

நோய் வைரஸ் மாறிவிட்டது, லசோட்டா பழசாகிவிட்டது என்ற வாதம் முழுப் பொய்யில்லை. லசோட்டா 1946இல் அமெரிக்காவில் பிரித்தெடுத்த ரகம், மரபணு வகையில் இன்று இந்தியாவில் சுற்றும் வைரஸிலிருந்து விலகியது. நல்ல டைட்டர் இருந்தால் சாவைத் தடுக்கும், ஆனால் கோழி வைரஸை வெளியே விடுவதை முழுதாக நிறுத்தாது. அதனால் தடுப்பூசி போட்ட முட்டைக்கோழிப் பண்ணையில் சாவே இல்லாமல் முட்டை மட்டும் சரியும், பக்கத்துத் தெருவில் மருந்து போடாத நாட்டுக்கோழி கொத்தாகச் சாகும். ஆனாலும் நோய் வந்த பண்ணையில் நான் முதலில் சந்தேகப்படுவது, குளிர் குறையாமல் மருந்து வந்திருக்க வேண்டிய தெர்மாகோல் பெட்டியையும் தண்ணீர்த் தொட்டியையும்தான். ரகத்தைக் கடைசியில் சந்தேகிக்கலாம்.

எந்த வழியாலும் காப்பாற்ற முடியாத நிலைகளும் உண்டு. கம்போரோ நோய் வந்து போன குஞ்சுக்கும், பூஞ்சை பிடித்த மக்காச்சோளமும் கடலைப் புண்ணாக்கும் தின்ற கோழிக்கும் எதிர்ப்பு சக்தியை உருவாக்கும் உறுப்புகளே பழுதாகியிருக்கும். குடற்புழு நிறைந்த கோழிக்கும் பிடிப்பு குறைவு, தடுப்பூசிக்கு ஒரு வாரம் முன்பு பூச்சி மருந்து கொடுத்துவிட வேண்டும். அடுத்த வீட்டில் கோழி தூங்கி விழ ஆரம்பித்த பிறகு ஓடிப்போய் ஊசி போடுவதும் இந்த வகைதான். நோய் உள்ளே வந்து வெளியே தெரிய சராசரியாக 5, 6 நாள் ஆகும், மருந்து பிடிக்க ஒன்றிரண்டு வாரம் ஆகும். இந்தப் பந்தயத்தில் மருந்து ஜெயிக்காது, பழி மட்டும் மருந்தின் மேல் விழும்.

நூறு டோஸ், பதினைந்து கோழி

புறக்கடையில் உண்மையான சிக்கல் குப்பியின் அளவு. வீட்டில் இருப்பது 15 கோழி, குப்பியில் இருப்பது 100 டோஸ் அல்லது அதற்கு மேல். கரைத்த மருந்து ஒன்றிரண்டு மணி நேரம்தான் தாங்கும், அதுவும் ஐஸ் மேல் வைத்திருந்தால். மிச்சத்தை ஃபிரிட்ஜில் வைத்து மறுநாள் போடுவது வீண். பல வீடுகளில் கோழிப் பணம் பெண்களின் கைச்செலவுக்கும் பிள்ளைகளின் நோட்டுப் புத்தகத்துக்கும் ஆகும் பணம். அதை இப்படிப் பறிகொடுப்பது வருத்தமாக இருக்கிறது. தெருவில் ஆறேழு வீடு சேர்ந்து ஒரே நாளில், கோழி அடைந்த பிறகு போட்டுவிட்டால் குப்பியும் முடியும், செலவும் பங்காகும், தெருவில் நோய் சுற்ற இடமும் குறையும்.

கோடைக்கு முன்பாகப் பிப்ரவரியில் நடக்கும் இலவச முகாமில் பெரிய கோழிகளுக்கு ஊசி போட்டுவிடுங்கள். குஞ்சு ஆண்டு முழுவதும் பொரிக்கும், முகாம் ஆண்டு முழுவதும் வராது. மார்ச்சில் பொரித்த குஞ்சுக்கு 7ஆம் நாள் கண் சொட்டு, 4ஆம் வாரம் மறுபடி கண் சொட்டு, மே மாதத்தில் 8 வாரம் ஆகும்போது ஊசி. அந்த ஊசிக்குக் கோழியைக் கூடையில் போட்டுக் கால்நடை மருந்தகத்துக்கு நாம்தான் கொண்டுபோக வேண்டும். எந்த நாளில் குப்பி உடைப்பார்கள் என்று முதலில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.