ஆழியாறா, ஆனையிறங்கலா?

ஏரி, மலை இரண்டும் ஒரே படத்தில் வேண்டும், கையில் ஒரு நாள்தான் இருக்கிறது என்றால் நான் இரண்டு சாலைகளைச் சொல்வேன்: பொள்ளாச்சி – வால்பாறை, போடி – மூணாறு. தூரம் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான், 65 கிலோமீட்டரை ஒட்டி வரும்.

வால்பாறைச் சாலையில் 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒன்பதாவது வளைவில் உள்ள லோம்ஸ் வியூவில் நின்றால் ஆழியாறு அணை முழுதாகக் கீழே விரியும். அங்கே விடிந்த கையோடு போய்விடுங்கள். வெயில் ஏறிவிட்டால் சமவெளியில் புழுதி மூட்டம் படர்ந்து தண்ணீரின் நிறமே வெளுத்துவிடும். சரி, ஏரி தெளிவாக இல்லையா? பாறைச் சரிவுகளைப் பாருங்கள், வரையாடு நிற்கும். அப்புறம் புதுத்தோட்டம் பக்கம் சிங்கவால் குரங்குகள். தயவுசெய்து எதற்கும் தீனி போடாதீர்கள். சாலைக்கு வரப் பழகிய குரங்கு வண்டியில் அடிபடுகிறது. இந்த வழிக்கு நீளமான லென்ஸ் கட்டாயம்.

போடிமெட்டு வழி வேறு மாதிரி. மேலே ஏறியதும் தேயிலைச் சரிவுகளுக்கு நடுவே ஆனையிறங்கல் நீர்த்தேக்கம் சாலையோரமாகவே வருகிறது. அகல லென்ஸ் போதும். மேகம் மூடிய நாளிலும் தேயிலையின் பச்சை நன்றாகப் பதியும். கோடையில் தண்ணீர் இறங்கிச் செம்மண் கரை தெரியும் என்பது மட்டும் குறை.

எனக்கு வால்பாறைதான். ஏரி ஏமாற்றினாலும் காடு கைகொடுக்கும். குடும்பத்தோடு, அடிக்கடி நிறுத்தாமல் போகிறவர்களுக்கு ஆனையிறங்கல் சரியாக இருக்கும்.