டிசம்பரில் பிராக்கா, வியன்னாவா?

டிசம்பர் முதல் வாரம் லீவு கிடைத்ததும் பிராக்கா வியன்னாவா என்று வீட்டில் ஒரு மாதம் பேசினோம். பல ஐரோப்பிய நாடுகளுக்கும் பொதுவான ஒரே ஷெங்கன் விசா, நடுவில் ஏறக்குறைய 4 மணி நேர ரயில், இரண்டு ஊரிலும் கிறிஸ்துமஸ் சந்தை, அதே குளிர். செலவில் பிராக் மலிவு. கடைசியில் வியன்னாவில் 5 நாள், பிராக்கில் ஒன்றரை நாள் என்று போனோம். மறுபடி போனாலும் அப்படியேதான் பிரிப்பேன்.

காரணம் இருட்டு. அந்த வாரத்தில் இரண்டு ஊரிலும் 4 மணிவாக்கில் சூரியன் மறைந்துவிடும், காலை ஏழரைவாக்கில்தான் சூரியனே உதிக்கும், அதிலும் பாதி நேரம் வானம் சாம்பல் பூத்துக் கிடக்கும். பிராக்கின் அழகு முக்கால்வாசி வெளியில்தான்: பாலம், சதுக்கம், கோட்டை. கோட்டைக்குள் இருக்கும் கட்டடங்களையும் குளிர்காலத்தில் 4 மணிக்கே மூடிவிடுகிறார்கள். மதியம் சாப்பிட்டுவிட்டு 22-ஆம் எண் டிராம் பிடித்து நாங்கள் கோட்டைக்குள் இருக்கும் புனித வீட்டஸ் பேராலயத்துக்குள் நுழைந்தபோது மணி மூன்றேகால். செக் ஓவியர் முகா வரைந்த வண்ணக் கண்ணாடி ஜன்னலைப் பார்க்கத்தான் போனேன். வெயில் இல்லாமல் அது மங்கிப்போயிருந்தது.

வியன்னாவில் இருட்டிய பிறகுதான் எங்கள் நாள் சூடுபிடித்தது. கலை வரலாற்று அருங்காட்சியகம் வியாழன் இரவு 9 வரை, ஆல்பர்ட்டினா அருங்காட்சியகம் புதனும் வெள்ளியும் 9 வரை. சந்தையில் சுற்றிக் கால்விரல் விறைத்துப்போய் கலை வரலாற்று அருங்காட்சியகத்துக்குள் வந்து, பிரூகல் 1565-இல் வரைந்த 'பனியில் வேட்டைக்காரர்கள்' ஓவியத்தின் முன் உட்கார்ந்தேன். தலை குனிந்து நடக்கும் ஆட்கள், சோர்ந்த நாய்கள், கீழே உறைந்த குளத்தில் சறுக்கி விளையாடும் ஊர்ஜனம். அந்தக் குளிர் என் காலிலும் இருந்ததால் அரை மணி நேரம் எழுந்திருக்க மனமே வரவில்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி. காபிஹவுஸில் ஒரு மெலாஞ்ச் (பால் நுரை சேர்த்த வியன்னா காபி) சொல்லிவிட்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்தாலும் யாரும் எழுப்பவில்லை, அது எங்களுக்குப் பெரிய உதவி. ஓபராவில் அன்றன்றைக்கு விற்கும் நின்று பார்க்கும் டிக்கெட்டும் மலிவுதான்.

பிராக்கிலும் மாலைக் கச்சேரிகள் உண்டு. ஒன்றரை நாளில் ஒன்றுக்கும் போகவில்லை, அதனால் அந்தப் பக்கத்தை நான் எடைபோட முடியாது. கோடை என்றால் என் கணக்கே மாறலாம்.

ஆனால் ஒரு விஷயத்தில் பிராக்குக்கு ஈடே இல்லை. 1357-இல் கட்டத் தொடங்கிய சார்லஸ் பாலத்தில் விடியலைப் பார்க்க ஜூனில் 5 மணிக்கு முன்பே போய் நிற்கவேண்டும். டிசம்பரில் ஏழேகாலுக்குப் போனால் போதும். நாங்கள் போனபோது 30 சிலைகளும் நாலைந்து மனிதர்களும்தான். முதல் நாள் இரவே போய்ச் சேர்ந்து, பாலத்துக்கு நடக்கிற தூரத்தில் அறை எடுங்கள். கல் பாவிய தெரு ஈரத்தில் வழுக்கும், நல்ல பிடிப்புள்ள ஷூ வேண்டும்.